இரவில் ஓடும் ஸ்கிரிப்டுக்குக் கடவுச்சொல்லை எங்கே வைப்பது?

தினமும் இரவு ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்கு ஒரு கோப்பு போய்ச் சேர வேண்டும். அதற்காக யாரும் கண்விழித்து உட்கார முடியாது என்பதால் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, குறித்த நேரத்தில் தானாக ஓடவைக்கும் க்ரானிலோ விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரிலோ போட்டுவிடுகிறோம். எதிர்ப்பக்க சர்வர் கடவுச்சொல் கேட்கும்போதுதான் சிக்கல். இரவு 2 மணிக்கு அதைத் தட்டச்சு செய்ய ஆள் இல்லை. எங்கேயாவது எழுதி வைத்தாக வேண்டும். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஸ்கிரிப்டிலேயே, பயனர் பெயருக்கு அடுத்த வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். வேலை நடக்கிறது. யாரும் கேட்பதில்லை.

இதைச் சரிசெய்ய இறங்கும்முன் ஒரு உண்மையை ஒப்புக்கொண்டுவிடலாம். ஆள் துணையில்லாமல் ஒரு நிரல் படிக்க முடிகிற கடவுச்சொல்லை, அந்த நிரல் ஓடும் கணக்குக்குள் நுழைந்துவிட்ட எவரும் படிக்கலாம். மறையாக்கம் செய்து வைத்தாலும், அதைப் பிரிக்கும் சாவி அந்த நிரலின் கைக்கு எட்ட வேண்டுமே! பூட்டைப் போட்டுவிட்டுச் சாவியைக் கதவிலேயே தொங்கவிட்ட கதைதான். அதனால் முழுசாக ஒளித்துவைக்கும் வித்தையைத் தேடி நேரத்தைக் கரைக்க வேண்டாம். நம்மால் ஆவது இரண்டு. அந்த ரகசியத்தைப் பார்க்கக்கூடியவர்களைக் குறைப்பது ஒன்று. பார்த்துவிட்டாலும் அதை வைத்துப் பெரிதாக எதுவும் செய்ய முடியாமல் ஆக்குவது மற்றொன்று. எல்லோரும் முதலாவதிலேயே நின்றுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டாவதில்தான் பலன் அதிகம்.

கீழே சொல்பவை பெரும்பாலும் லினக்ஸ் சர்வரை மனதில் வைத்தவை. விண்டோஸுக்கு நடுவில் தனியாகக் கொஞ்சம் இருக்கிறது.

முதல் படி: இப்போது எங்கெல்லாம் கிடக்கிறது என்று தேடுங்கள்

கடவுச்சொல் ஸ்கிரிப்டில் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். அது ஓடும்போதெல்லாம் வழியில் சிந்திக்கொண்டே போகும்.

முதலில் கட்டளை வரி. கோப்பு அனுப்பும் நிரலுக்குப் பின்னால் பயனர் பெயர், கடவுச்சொல் இரண்டையும் சேர்த்து எழுதும் பழக்கம் பரவலாக உண்டு. அதிலுள்ள ஆபத்தை ஒரு நிமிடத்தில் கண்ணால் பார்த்துவிடலாம். ஒரு முனையத்தில் ஸ்லீப் 300 என்ற கட்டளையை ஓடவிடுங்கள். அதே கணினியில் வேறொரு சாதாரணப் பயனராக நுழைந்து, ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளையை முழு விவரத்தோடு கொடுங்கள். பட்டியலில் ஸ்லீப் என்ற பெயரும் பக்கத்திலேயே 300 என்ற எண்ணும் தெரியும். அந்த 300 நிற்கும் இடத்தில்தான் உங்கள் கடவுச்சொல்லும் நிற்கும். பெரும்பாலான லினக்ஸ் அமைப்புகளில் ஒருவர் ஓடவிட்ட கட்டளை வரியை மற்றவர்கள் பார்க்கத் தடையில்லை. பார்க்க ரூட் எனப்படும் தலைமை நிர்வாகி அதிகாரம் தேவையில்லை. கோப்புகளை அனுப்பும் கர்ல், கடவுச்சொல்லைத் தானாக ஊட்டும் எஸ்எஸ்ஹெச்பாஸ் போன்ற சில நிரல்கள் தொடங்கியதும் கடவுச்சொல் இருந்த இடத்தை மேலெழுதி மறைக்கப் பார்க்கின்றன. நல்ல எண்ணம்தான். ஆனால் தொடங்கும் கணத்துக்கும் மறைக்கும் கணத்துக்கும் நடுவே ஒரு சந்து இருக்கிறது. ஓயாமல் பட்டியலை எடுத்துக்கொண்டே இருக்கும் ஒரு சின்ன ஸ்கிரிப்டுக்கு அந்தச் சந்து போதும்.

கட்டளையைச் சோதிக்க முனையத்தில் கையால் ஓட்டிப் பார்த்திருப்பீர்கள் இல்லையா? அப்படியானால், தட்டிய கட்டளைகளைச் சேமித்து வைக்கும் பாஷ் வரலாற்றுக் கோப்பிலும் அது உட்கார்ந்திருக்கும். அங்கேயும் தேடுங்கள்.

அடுத்தது லாக், அதாவது நிரல்கள் எழுதி வைக்கும் நடப்புப் பதிவு. ஸ்கிரிப்ட் ஏன் ஓடவில்லை என்று பார்க்க, ஒவ்வொரு வரியையும் ஓடும்முன் அச்சிடும் செட் எக்ஸ் வசதியைப் போட்டிருப்பார்கள். பிழை சரியானதும் எடுக்க மறந்திருப்பார்கள். கடவுச்சொல் மாறியில் இருந்தால்கூட அச்சாகும்போது மாறியின் பெயருக்குப் பதில் அதன் மதிப்புதான் வரும். விவரமாகப் பேசும் நிலையில் கர்லை எஃப்டிபி என்ற பழைய கோப்புப் பரிமாற்ற முறைக்கு ஓடவிட்டால் சர்வரோடு நடக்கும் உரையாடல் முழுதும் வெளியே வரும், கடவுச்சொல் அனுப்பும் வரி உட்பட. க்ரான் வேறு, ஸ்கிரிப்ட் வெளியிடுவதையெல்லாம் மின்னஞ்சலாகக் கட்டி அனுப்பிவைக்கும். கடவுச்சொல்லை யு.ஆர்.எல் முகவரிக்குள்ளேயே, பயனர் பெயருக்கும் சர்வர் பெயருக்கும் நடுவில் செருகும் வழக்கமும் இப்படித்தான்: முகவரி போகும் இடமெல்லாம் அதுவும் போகும்.

அப்புறம், நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் ‘கமிட்’ என்று பதிந்து வைக்கும் கிட் களஞ்சியம். ஸ்கிரிப்டை அதில் சேர்த்திருந்தால் கடவுச்சொல்லும் வரலாற்றில் ஏறிவிட்டது. அடுத்த கமிட்டில் அந்த வரியை அழித்தாலும் பழைய கமிட்டில் அப்படியே இருக்கும். தனியார் களஞ்சியம்தானே என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். 2016-இல் உபர் நிறுவனத்தின் பொறியாளர்கள் பயன்படுத்திய தனியார் கிட்ஹப் களஞ்சியத்துக்குள் நுழைந்தவர்கள், அங்கே கிடந்த அமேசான் கிளவுட் நுழைவுத் தகவலை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். 5.7 கோடிப் பேரின் விவரங்கள் பறிபோனது. வெளியுலகுக்குச் செய்தி தெரியவந்தது 2017 நவம்பரில்தான்.

கடைசியாக, பேக்கப். ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டரை யார் பேக்கப் எடுக்கிறார்கள், அது எங்கே போய்ச் சேர்கிறது, அங்கே யாரெல்லாம் படிக்கலாம் என்று கேட்டு வையுங்கள். சர்வரில் கோப்புக்கு எவ்வளவு கறாரான அனுமதி வைத்திருந்தாலும், பேக்கப் கிடங்கைத் திறக்க முடிந்தவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

இப்படித் தேடியதில் எங்காவது கடவுச்சொல் அகப்பட்டால், அது வெளியே போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். துப்புரவு பிறகு. முதலில் கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

இரண்டாம் படி: கம்பியைப் பாருங்கள்

அனுப்பும் வழியே திறந்து கிடந்தால் கோப்பில் கடவுச்சொல்லைப் பாதுகாத்துப் பயனில்லை. சாதாரண எஃப்டிபி அப்படித்தான். இன்றும் அதற்கு அடிப்படையாக இருக்கும் ஆர்எஃப்சி 959 ஆவணம் 1985-இல் வந்தது. அதன்படி பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வெறும் எழுத்தாகவே வலையமைப்பில் போகின்றன. நடுவில் உட்கார்ந்து பாக்கெட்டுகளைப் பிடிக்கிறவர் எதையும் உடைக்க வேண்டியதில்லை; வாசித்தால் போதும். 1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் இப்படிக் கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்ட சம்பவத்துக்குப் பிறகுதான் அங்கிருந்த டாட்டு யுலோனன், இன்னொரு கணினிக்குள் மறையாக்கத்தோடு நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சை எழுதினார். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 2021-இல் எஃப்டிபி ஆதரவையே எடுத்துவிட்டன. ஸ்கிரிப்டுகளில் மட்டும் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

மாற்று இரண்டு. எஸ்எஃப்டிபி என்பது எஸ்எஸ்ஹெச் வழியாகவே போகும் கோப்புப் பரிமாற்றம்; வழக்கமாக 22-ஆம் போர்ட். எஃப்டிபிஎஸ் என்பது பழைய எஃப்டிபியின் மேல் டிஎல்எஸ் என்ற மறையாக்கப் போர்வை. பெயர் ஒன்றுபோல் ஒலித்தாலும் இரண்டுக்கும் உறவே கிடையாது. எதிர்ப்பக்கத்தினரிடம் கேட்கும்போது எது என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்தால் எஸ்எஃப்டிபியைத் தேர்ந்தெடுங்கள். காரணம் நான்காம் படியில் வருகிறது.

எஃப்டிபிஎஸ்தான் கிடைக்கிறது என்றால் ஒரு எச்சரிக்கை. ‘முடிந்தால் டிஎல்எஸ், முடியாவிட்டால் பரவாயில்லை’ என்று இணைகிற அமைப்பு பல நிரல்களில் உண்டு. சர்வரின் அமைப்பு என்றைக்காவது மாறிவிட்டாலோ, நடுவில் யாராவது கைவைத்தாலோ, ஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் வெறும் எழுத்துக்கு இறங்கிவிடும். கர்லில் எஸ்எஸ்எல் என்று மட்டும் சொன்னால் இந்த விட்டுக்கொடுப்பு நடக்கும். எஸ்எஸ்எல் ரெக்டு என்று சொன்னால் டிஎல்எஸ் இல்லாமல் இணையவே இணையாது. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. சான்றிதழ் பிழை வருகிறதென்று சரிபார்ப்பையே அணைத்துவிடும் விருப்பத்தேர்வும் கர்லில் உண்டு. ஸ்கிரிப்டில் அது கண்ணில் பட்டால் எடுத்துவிட்டு, சான்றிதழைச் சரிசெய்யுங்கள்.

மூன்றாம் படி: வேலைக்கென்று தனிக் கணக்கு

எதிர்ப்பக்க சர்வரில் உங்கள் சொந்தக் கணக்கையோ நிர்வாகிக் கணக்கையோ ஸ்கிரிப்டுக்குக் கொடுக்காதீர்கள். இந்தப் பரிமாற்றத்துக்கென்றே ஒரு கணக்கு வேண்டும். ஒரு வேலைக்கு ஒன்று. இரண்டு ஸ்கிரிப்டுகள் ஒரே கணக்கைப் பகிர்ந்தால், ஒன்றில் கசிவு ஏற்படும்போது இரண்டையும் நிறுத்த வேண்டியிருக்கும். அதனாலேயே நிறுத்தத் தயங்குவார்கள்.

ஓபன்எஸ்எஸ்ஹெச் சர்வர் உங்கள் கையில் இருந்தால் அந்தக் கணக்கை நன்றாகவே கட்டிப்போடலாம். சர்வர் அமைப்புக் கோப்பில் மேட்ச் யூசர் என்று ஒரு பகுதி தொடங்கி, அந்தக் கணக்குக்கு மட்டும் சில விதிகள் எழுத வேண்டும். ஃபோர்ஸ் கமாண்டாக இன்டர்னல் எஸ்எஃப்டிபியைப் போட்டால், அந்தக் கணக்கில் நுழைகிறவருக்குக் கட்டளைகளைத் தட்டி ஓட்டும் ஷெல் கிடைக்காது. கோப்புப் பரிமாற்றம் மட்டும்தான். க்ரூட் டைரக்டரி என்ற விதி, குறிப்பிட்ட ஒரு ஃபோல்டருக்கு வெளியே எதையும் பார்க்க முடியாமல் செய்யும். மற்ற இணைப்புகளை அந்த சர்வர் வழியாகக் கடத்திவிடும் டிசிபி ஃபார்வர்டிங்கையும் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஷெல் இல்லாத கணக்கை வைத்தே உள் வலையமைப்பின் மற்ற கணினிகளைத் தொட வழி கிடைத்துவிடும். கோப்பை எடுத்துக்கொண்டு வருவது மட்டும்தான் வேலை என்றால், இன்டர்னல் எஸ்எஃப்டிபிக்குப் பின்னால் பெரிய எழுத்து ஆர் சேர்த்தால் எழுதும் உரிமையும் போய்விடும்.

இங்கே புதியவர்கள் எல்லோரும் இடறும் ஒரு கல் இருக்கிறது. க்ரூட் ஃபோல்டருக்கும் அதற்கு மேலே உள்ள எல்லா ஃபோல்டர்களுக்கும் ரூட்தான் உரிமையாளராக இருக்க வேண்டும். குழுவுக்கோ மற்றவர்களுக்கோ எழுதும் அனுமதி இருக்கக் கூடாது. இல்லையென்றால் கடவுச்சொல் சரியாக இருந்தும் இணைப்பு உடனே அறுந்துவிடும். ஏனென்று மறுமுனைக்குத் தெரியாது, சர்வர் லாகில்தான் காரணம் இருக்கும். கோப்புகளைப் போட உள்ளே இன்னொரு ஃபோல்டர் உண்டாக்கி அதை மட்டும் அந்தக் கணக்குக்குக் கொடுங்கள்.

சர்வர் அமைப்பை மாற்றும்போது ஏற்கெனவே திறந்திருக்கும் ஒரு முனையத்தை மூடாமல் வைத்துக்கொள்ளுங்கள். எஸ்எஸ்ஹெச்டியை சிறிய டி விருப்பத்தோடு ஓட்டினால் கோப்பில் பிழை உண்டா என்று சொல்லும். அதன் பிறகே சேவையை மறுபடி ஏற்றுங்கள்.

நான்காம் படி: கடவுச்சொல்லை விட்டுச் சாவிக்கு மாறுங்கள்

எஸ்எஃப்டிபியைப் பரிந்துரைத்ததற்குக் காரணம் இதுதான். எஸ்எஸ்ஹெச் சாவிகள் ஜோடியாக வரும்: தனிச்சாவி ஸ்கிரிப்ட் ஓடும் கணினியில், பொதுச்சாவி எதிர்ப்பக்க சர்வரில். ‘தனிச்சாவியும் ஒரு கோப்புதானே, அதையும் திருடலாமே’ என்று உடனே கேட்பீர்கள். திருடலாம். ஆனால் கடவுச்சொல்லுக்கு இல்லாத சில குணங்கள் அதற்கு உண்டு. நுழையும்போது தனிச்சாவி வலையமைப்பில் போவதே இல்லை. சாவி கையில் இருக்கிறது என்பதற்கான கையொப்பம் மட்டும் போகிறது. ஆகவே எதிர்ப்பக்க சர்வரையே ஒருவர் கைப்பற்றினாலும் அவருக்குச் சாவி கிடைக்காது. ஒரு கணக்குக்குப் பல சாவிகள் வைத்து, ஒன்றை மட்டும் ரத்து செய்யலாம். எல்லாவற்றையும்விட முக்கியம், சாவிக்கு நிபந்தனை போடலாம்.

சாவியை அது பயன்படப்போகும் கணினியிலேயே, ஸ்கிரிப்ட் ஓடும் கணக்கிலேயே உண்டாக்குங்கள். எஸ்எஸ்ஹெச் கீஜென் கட்டளையில் இடி25519 வகையைக் கேளுங்கள். 2014-இல் வந்த ஓபன்எஸ்எஸ்ஹெச் 6.5 முதல் எல்லாவற்றிலும் அது உண்டு. கோப்புக்கு வேலையைச் சொல்லும் பெயர் வையுங்கள். குறிப்புப் பகுதியில் எந்தக் கணினி, எந்த வேலை என்று எழுதுங்கள். இரண்டு வருடம் கழித்து ‘இது யாருடைய சாவி, அழிக்கலாமா’ என்று ஒருவர் விழிக்காமல் இருக்க அது உதவும். தனிச்சாவி அந்தக் கணினியை விட்டு வெளியேறக் கூடாது. மின்னஞ்சலில் தனிச்சாவியை அனுப்பச் சொல்லிக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். பொதுச்சாவியைத்தான் கேட்கிறீர்களா என்று பதில் எழுதுங்கள்.

கீஜென் கடவுத்தொடர் ஒன்று கேட்கும். ஆளில்லாமல் ஓடும் வேலைக்கு அதைக் காலியாக விடுவதுதான் வழக்கம். கடவுத்தொடரை வைத்துவிட்டு அதையே ஸ்கிரிப்டில் எழுதினால் ஆரம்பித்த இடத்துக்கே வந்து நிற்கிறோம். சிலர், சாவியை நினைவகத்தில் வைத்திருக்கும் எஸ்எஸ்ஹெச் ஏஜென்டில் அதை ஏற்றி வைப்பார்கள். கணினி மறுபடி தொடங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு ஆள் வந்து கடவுத்தொடரைக் கொடுக்க முடியுமானால் நல்ல ஏற்பாடு. முடியாதென்றால், காலியான கடவுத்தொடரும் இறுக்கமான நிபந்தனைகளும் போதும்.

அந்த நிபந்தனைகளை எதிர்ப்பக்கத்தில் பொதுச்சாவி இருக்கும் ஆத்தரைஸ்டு கீஸ் கோப்பில், சாவியின் வரிக்கு முன்னால் எழுத வேண்டும். ரெஸ்ட்ரிக்ட் என்ற ஒரே சொல் முனையம், போர்ட் ஃபார்வர்டிங், ஏஜென்ட் ஃபார்வர்டிங் எல்லாவற்றையும் சேர்த்து அணைத்துவிடும். ஃப்ரம் என்று போட்டு உங்கள் சர்வரின் ஐபி முகவரியைக் கொடுத்தால், வேறு எங்கிருந்து அந்தச் சாவியோடு வந்தாலும் சர்வர் ஏற்காது. திருடிய சாவியைத் தன் கணினிக்குக் கொண்டுபோனவருக்கு அது வெறும் எழுத்துக்குவியல். இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இந்த ஃப்ரம் வரியைச் செய்யுங்கள்.

எத்தனையோ வழிகாட்டிகள் சொல்லாமல் விடும் ஓட்டை ஒன்றையும் இங்கேயே அடைத்துவிடலாம். ஆத்தரைஸ்டு கீஸ் கோப்பு வழக்கமாக அந்தக் கணக்கின் ஹோம் ஃபோல்டருக்குள் இருக்கும். அந்தக் கணக்குக்கோ கோப்பு ஏற்றும் உரிமை உண்டு. ஹோம் ஃபோல்டர் எஸ்எஃப்டிபியில் எட்டும் இடத்தில் இருந்தால், சாவியைப் பெற்றவர் ஒருமுறை உள்ளே வந்து அந்தக் கோப்பையே மாற்றி எழுதிவிடலாம். நிபந்தனைகளை நீக்கலாம், தன் சாவியையும் சேர்த்துக்கொள்ளலாம். அப்புறம் ஃப்ரம் வரிக்கு என்ன மதிப்பு? இதைத் தவிர்க்க, சர்வர் அமைப்பில் ஆத்தரைஸ்டு கீஸ் ஃபைல் என்ற விதியின் மூலம் அந்தக் கோப்பை ரூட்டுக்குச் சொந்தமான ஓர் இடத்துக்கு நகர்த்துங்கள். கணக்கு அதைப் படிக்கலாம், எழுதக் கூடாது.

தனிச்சாவிக் கோப்பின் அனுமதி 600, அது இருக்கும் ஃபோல்டருக்கு 700; இரண்டுமே உரிமையாளரைத் தவிர யாரையும் விடாதவை. கோப்பின் அனுமதியை மற்றவர்களுக்குத் திறந்து வைத்தால் எஸ்எஸ்ஹெச்சே எச்சரித்துவிட்டுச் சாவியைப் பயன்படுத்த மறுத்துவிடும். எல்லாம் ஓடுகிறது என்று உறுதியானதும் அந்தக் கணக்குக்குக் கடவுச்சொல் நுழைவையே அணைத்துவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் பழைய கடவுச்சொல் பழைய பேக்கப்புகளில் உயிரோடுதான் இருக்கும்.

ஐந்தாம் படி: எதிரில் இருப்பது யார்?

முதல் முறை ஒரு சர்வரோடு இணையும்போது எஸ்எஸ்ஹெச் அதன் கைரேகையை, அதாவது அந்த சர்வருடைய சாவியின் சுருக்க அடையாளத்தைக் காட்டி, ஏற்கலாமா என்று கேட்கும். ஆளில்லாத ஸ்கிரிப்ட் அங்கே நின்றுவிடும். வலைத்தேடலில் கிடைக்கும் தீர்வு, ஸ்ட்ரிக்ட் ஹோஸ்ட் கீ செக்கிங்கை ‘நோ’ ஆக்குவது. ஸ்கிரிப்ட் ஓடும், எல்லோருக்கும் மகிழ்ச்சி. எதிர் சர்வர் வேடத்தில் வேறொன்று வந்து நின்றாலும் அது அப்படியே ஓடும். கடவுச்சொல்லால் நுழைகிறீர்கள் என்றால், முதல் இணைப்பிலேயே அந்தக் கடவுச்சொல்லை நேராகப் போலி சர்வரின் கையில் கொடுத்துவிடக்கூடும். சாவியால் நுழைந்தால் சாவி தப்பிக்கும். அனுப்பிய கோப்பு தப்பிக்காது.

சரியான முறை ஒரே ஒரு முறை மெனக்கெடுவது. எதிர்ப்பக்கத்தினரிடம் தொலைபேசியிலோ வேறு நம்பகமான வழியிலோ சர்வரின் கைரேகையைக் கேட்டு வாங்குங்கள். ஸ்கிரிப்ட் ஓடும் கணக்கில் நுழைந்து கையால் ஒருமுறை இணைந்து, திரையில் வருவதோடு ஒப்பிட்டுவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள். நோன் ஹோஸ்ட்ஸ் கோப்பில் அது பதிவாகிவிடும். அதற்குப் பின் ஸ்கிரிப்டில் பேட்ச் மோட் ‘எஸ்’ என்று போட்டால், எதுவும் கேட்டுக்கொண்டு தொங்காமல் பிழையோடு வெளியேறிவிடும். கைரேகை மாறிவிட்டதென்று ஒரு நாள் வேலை நின்றால் எரிச்சலாகத்தான் இருக்கும். மாற்றினீர்களா என்று எதிர்ப்பக்கத்தினரைக் கேட்காமல் பழைய வரியை அழிக்காதீர்கள்.

கடவுச்சொல்தான் ஒரே வழி என்றால்

சில இடங்களில் பேச்சுக்கே இடமில்லை. எதிர்ப்பக்கத்தினர் ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுப்பார்கள், அவ்வளவுதான். அப்போதும் ஸ்கிரிப்டுக்குள் எழுத வேண்டியதில்லை.

எளிய வழி, ஸ்கிரிப்டிலிருந்து பிரித்துத் தனிக் கோப்பில் வைப்பது. எஃப்டிபி காலத்திலிருந்தே இருக்கும் நெட்ஆர்சி கோப்பை கர்லும் எல்எஃப்டிபியும் படிக்கும். கோப்புகளை ஒத்திசைக்கும் ஆர்சிங்க், எதிர்ப்பக்கத்தில் டீமனாக (பின்னணிச் சேவையாக) ஓடும் ஆர்சிங்கோடு பேசும்போது அதற்கென்று பாஸ்வேர்டு ஃபைல் விருப்பத்தேர்வு உண்டு. மற்றவர்கள் படிக்கும்படி அந்தக் கோப்பு இருந்தால் ஆர்சிங்க் மறுத்துவிடும். கோப்பை உண்டாக்கும் முறையிலும் கவனம் வேண்டும். முதலில் எழுதிவிட்டுப் பிறகு அனுமதியை 600 ஆக்கினால், நடுவில் சில நொடிகள் எல்லோரும் படிக்கும்படி கிடக்கும். புதுக் கோப்புகளை மற்றவர்களுக்கு மூடி வைக்கும் யூமாஸ்க் 077 கட்டளையை முதலிலேயே கொடுத்துவிட்டு எழுதுங்கள். எக்கோ கட்டளையால் எழுதாதீர்கள், வரலாற்றில் ஏறும். எடிட்டரில் திறந்து எழுதுங்கள். இந்தக் கோப்பை கிட் இக்னோர் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

நிரல் தொடங்கும்போது அதன் கையில் கொடுக்கப்படும் சூழல் மாறியில் வைக்கலாமா என்றால், கட்டளை வரியைவிட மேல். அதே பயனரும் ரூட்டும் மட்டுமே அதைப் படிக்க முடியும். ஆனால் அது எல்லாக் கிளை நிரல்களுக்கும் தானாகவே இறங்கும். நிரல் செயலிழக்கும்போது சூழல் முழுவதையும் லாகில் கொட்டும் கருவிகளும் இருக்கின்றன. கோப்பே எனக்குப் பிடித்தது.

பேஸ்64 ஆக மாற்றி வைப்பதைப் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். அது எழுத்தை வேறு உருவில் எழுதுவது மட்டுமே. ஒரே கட்டளையில் திரும்பிவிடும். ஃபைல்ஸில்லா போன்ற திரை வழி நிரல்களில் ‘கடவுச்சொல்லை நினைவில் வை’ என்று டிக் அடிப்பதும் ஏறக்குறைய இதே கதைதான். 2009-இல் பரவிய கம்ப்ளர் என்ற தீநிரல், தொற்றிய கணினிகளில் ஃபைல்ஸில்லா, டிரீம்வீவர் போன்றவை சேமித்து வைத்திருந்த எஃப்டிபி கடவுச்சொற்களைத் தேடி எடுத்து, அவற்றை வைத்தே வலைத்தளங்களுக்குள் நுழைந்து பக்கங்களைக் கெடுத்தது. ஃபைல்ஸில்லாவில் மாஸ்டர் பாஸ்வேர்டு வசதி வந்தது 2017-இல். ஆள் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு அதைப் பயன்படுத்துங்கள்.

லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டி மூலம் வேலையை ஓட்டுகிறீர்கள் என்றால் இன்னும் நல்ல வழி உண்டு. லோட் கிரெடென்ஷியல் என்ற அமைப்பு, கடவுச்சொல்லை அந்தச் சேவை ஓடும் நேரத்துக்கு மட்டும், அதற்கு மட்டும் தெரியும் இடத்தில் வைத்துக் கொடுக்கும். சிஸ்டம்டி 250 முதல், சாவிகளைப் பூட்டி வைப்பதற்கென்றே கணினியில் இருக்கும் டிபிஎம் சில்லோடு பிணைத்து மறையாக்கம் செய்யவும் முடியும். பேக்கப்பிலிருந்தோ கழற்றிய வட்டிலிருந்தோ எடுத்தால் திறக்காது. ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் ரூட்டாக நுழைந்தவரை இது தடுக்காது. அதைத் தடுப்பது எதுவுமில்லை.

விண்டோஸில் பழைய எஃப்டிபி நிரலுக்குப் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரு உரைக்கோப்பில் எழுதி ஊட்டும் ஸ்கிரிப்டுகள் இன்னும் ஓடுகின்றன. கோப்பிலும் வெறும் எழுத்து, கம்பியிலும் வெறும் எழுத்து. அவற்றைக் கண்டால் மாற்றுங்கள். பவர்ஷெல்லில் கிரெடென்ஷியலை (பயனர் பெயரும் கடவுச்சொல்லும்) எக்ஸ்போர்ட் சிஎல்ஐஎக்ஸ்எம்எல் கட்டளை மூலம் சேமித்தால், விண்டோஸின் டிபிஏபிஐ என்ற மறையாக்க வசதி கடவுச்சொல்லை அந்தப் பயனருக்கும் அந்தக் கணினிக்கும் மட்டும் திறக்கும்படி மறையாக்கம் செய்கிறது. உங்கள் கணக்கில் சேமித்துவிட்டு வேறொரு சேவைக் கணக்கில் டாஸ்க்கை ஓடவிட்டால் திறக்காது. சேவைக் கணக்கிலேயே ஓட்டித்தான் சேமிக்க வேண்டும். இதே கட்டளையை லினக்ஸ் பவர்ஷெல்லில் ஓட்டிவிட்டு மறையாக்கம் ஆகிவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். அங்கே ஆகாது.

ரகசியங்களை ஒரே இடத்தில் காத்துக் கொடுக்கும் வால்ட், கிளவுட் நிறுவனங்களின் சீக்ரெட் மேனேஜர் போன்ற கருவிகள் பல சர்வர்களும் பல வேலைகளும் உள்ள இடத்துக்கு நல்லவை: யார் எப்போது எடுத்தார்கள் என்ற பதிவு கிடைக்கும், ஒரே இடத்தில் மாற்றலாம். ஆனால் வால்டிடம் தன்னை நிரூபிக்க ஸ்கிரிப்டுக்கே ஒரு ரகசியம் வேண்டுமே, அதை எங்கே வைப்பது? கிளவுட் கணினிகளில் இதற்கு விடை இருக்கிறது. அந்தக் கணினிக்கே ஒரு அடையாளம் ஒதுக்கினால், சீக்கிரமே காலாவதியாகும் அனுமதிச் சீட்டு (டோக்கன்) தானாகக் கிடைக்கும். ஒரே ஒரு ஸ்கிரிப்டுக்காக வால்ட் நிறுவப் போகாதீர்கள்; அதைப் பராமரிப்பதே பெரிய வேலையாகிவிடும்.

வைத்த பிறகு

பரிமாற்றம் முடிந்த கோப்புகளை எதிர்ப்பக்கத்தில் தேங்கவிடாதீர்கள். 2023 மே மாத இறுதியில் மூவ்இட் என்ற கோப்புப் பரிமாற்ற மென்பொருளில் இருந்த எஸ்க்யூஎல் (தரவுத்தள) ஓட்டை வழியாகக் கிளாப் என்ற இணையக் குற்றக் கும்பல் உலகெங்கும் பல நிறுவனங்களின் கோப்புகளை அள்ளியபோது, கடவுச்சொல் எவ்வளவு பத்திரமாக இருந்தது என்பது கேள்வியாகவே இல்லை. சர்வரில் அன்று என்ன கிடந்ததோ அது போனது. பெற்றுக்கொண்டவர் எடுத்ததும் அழிந்துவிடும்படி ஏற்பாடு செய்யுங்கள்.

நுழைவு லாகைப் பார்ப்பது இந்தக் கணக்குகளில் மிகச் சுலபம். மனிதர்கள் எப்போது, எங்கிருந்து வருவார்கள் என்று சொல்ல முடியாது. ஸ்கிரிப்ட் தினமும் ஒரே நேரத்தில் ஒரே முகவரியிலிருந்து வரும். பகல் 11 மணிக்கோ வேறு முகவரியிலிருந்தோ அந்தப் பெயரில் யாராவது தட்டினால் உடனே மின்னஞ்சல் வரும்படி வைத்துவிடுங்கள். பொய் எச்சரிக்கை அபூர்வமாகத்தான் வரும்.

கடவுச்சொல்லையோ சாவியையோ மாற்றும் ஒத்திகையை ஒருமுறை செய்து, எந்தெந்தக் கோப்பைத் தொட வேண்டும் என்று எழுதி வையுங்கள். இதைத் தெரிந்தவர் வேலையை விட்டுப் போகும் நாளில் அந்தக் குறிப்பு தேவைப்படும். அந்த நாளே மாற்ற வேண்டிய நாளும்கூட.

க்ரானில் போடும்முன் மூன்று சோதனைகள். ஸ்கிரிப்ட் ஓடும் சர்வரில் வேறொரு சாதாரணக் கணக்கிலிருந்து சாவிக் கோப்பைத் திறந்து பாருங்கள். அனுமதி மறுக்கப்பட வேண்டும். அதே சாவியால் எதிர் சர்வரில் ஷெல் கேட்டுப் பாருங்கள், கிடைக்கக் கூடாது. கடைசியாக, எதிர்ப்பக்கத்தில் ஃப்ரம் வரியில் தற்காலிகமாக வேறொரு முகவரியைப் போட்டுவிட்டு ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். அது பிழையோடு நிற்க வேண்டும், அந்தப் பிழை உங்கள் மின்னஞ்சலுக்கும் வந்து சேர வேண்டும். இதற்காகச் சாவியை வேறு கணினிக்கு நகலெடுத்துச் சோதிக்க வேண்டாம். முகவரியைப் பழையபடி மாற்றி, ஒருமுறை சரியாக ஓடுவதைப் பார்த்துவிட்டு க்ரானில் சேர்த்துவிடுங்கள்.